தீத்துணை

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு பத்துக்கு எதிர் நாற்காலி சூடாக இருந்தது.

நகர்த்துவதற்காகத்தான் அதைத் தொட்டான். சமையலறையிலிருந்து காபியோடு வந்தவன் மேசையைச் சுற்றிக்கொண்டு போனபோது அது வழியில் இருந்தது. இருக்கையில் கை பட்டது. யாரோ வெகு நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனது போன்ற சூடு. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தான். காலையிலிருந்து மழை.

மற்ற இரண்டு நாற்காலிகளையும் தொட்டுப் பார்த்தான். அவையும் அப்படியே. ஐந்து நிமிடத்துக்கு முன்பு அவன் எழுந்து போன நாற்காலி மட்டும் குளிர்ந்திருந்தது.

உட்கார்ந்து வேலையைப் பார்த்தான்.

அவன் வேலை சீட்டு எழுதுவது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆடும் கதை ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் வீரராகவோ மந்திரவாதியாகவோ மாறி என்ன செய்யப்போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். வழியில் கிடைக்கும் மாயப் பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. மோதிரம், மருந்துக்குப்பி, கேடயம், வாள். ஒவ்வொரு சீட்டிலும் ஐந்து வரிகள்: பெயர், தூண்டல், விளைவு, விலை, முடிவு. பதினாறு வருடத்தில் ஆயிரத்துக்கும் மேல் எழுதியிருந்தான்.

புதிய பெட்டி மறுநாள் அச்சுக்குப் போகிறது. ஐயாயிரம் பிரதிகள். கோப்புகள் இன்று ஆறரைக்குள் அச்சகத்துக்குப் போய்விட வேண்டும்.

நாலரைக்கு எடிட்டர் போன் செய்தாள்.

"அண்ணா, தூக்கத்தைக் கெடுத்துட்டேனா?"

"ஞாயித்துக்கிழமை என்னைத் தூங்க விட்டாத்தானே நீ."

"நூத்தி முப்பத்தேழாம் சீட்டு. தீத்துணை. இப்பதான் படிச்சேன். எனக்கே ஒண்ணு வேணும்போல இருக்கு. வீட்டுக்காரர் மாசத்துல இருபது நாள் டூர்."

"அச்சாகட்டும். உனக்குன்னு ஒண்ணு எடுத்து வெக்கிறேன்."

"வாள் எரியுது, துணை வருது, வெளிச்சம் குறையுது. எல்லாம் சரி. எப்ப அணையும்?"

அவனுக்குக் கேள்வி புரியவில்லை.

"முடிவு வரி எங்கண்ணா?"

சீட்டை எடுத்துப் பார்த்தான்.

*பெயர்: தீத்துணை. தூண்டல்: உறையிலிருந்து உருவியதும் பற்றிக்கொள்ளும். விளைவு: பன்னிரண்டு அடி தூரம் வெளிச்சம், ஏந்தியவர் தனியாக இல்லை, உருவும் ஒவ்வொரு முறையும் ஒரு துணை வெளிச்சத்தின் விளிம்பில் வந்து நிற்கும். விலை: உருவும் ஒவ்வொரு முறையும் வெளிச்சம் ஓர் அடி குறையும்.*

அதற்குக் கீழே வெறும் காகிதம்.

முன்பு புதிதாக வந்த ஒருத்தன் தூக்க மருந்துச் சீட்டில் முடிவு எழுத மறந்துவிட்டான். அந்த வீரன் பதினோரு வருடமாக இன்னும் ஏதோ ஒரு குகையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான் என்று அலுவலகமே சிரிக்கும். அதிகம் சிரித்தது இவன்.

"விட்டுப்போச்சு," என்றான். "நீயே ஒரு வரி போட்டுடு. விடிஞ்சதும் அணையும்னு."

"எப்படிப் போடறது? ஆடி முடிச்ச சீட்டாச்சே. மேசையில இருந்தவங்க எல்லாரும் ஒத்துக்கணும். இந்தச் சட்டத்துக்காக என்னை அரை மணி நேரம் நிக்க வெச்சுத் திட்டியிருக்கீங்க, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. சோதனை ஆட்டத்தில் ஒருமுறை ஆடிவிட்ட சீட்டை எழுதியவன் தனியாகத் திருத்தக் கூடாது. மறுபடி மேசையில் உட்கார்ந்து, அதே சீட்டை ஆட்டத்தில் இறக்கி, அது நடந்துகொண்டிருக்கும்போதே திருத்தத்தைப் படித்துக் காட்ட வேண்டும். யாரும் பேசக் கூடாது. ஒரு குரல் மற்ற குரல்களை இழுத்துவிடும். சம்மதம் என்றால் கை மடியிலேயே இருக்கலாம். வேண்டாம் என்பவர் உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து வைப்பார்.

"படிவத்துல நாலு பேர் போட்டிருக்கீங்களே. நீங்க, டீச்சர், டாக்டர், சத்தம். போன்ல கேட்டாக்கூடப் போதும். ஆறரைண்ணா. அச்சகத்துக்காரன் ஏற்கனவே என்மேல கடுப்புல இருக்கான்."

படிவத்தில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேருக்குக் குறைந்தால் சோதனையே செல்லாது.

சத்தம் என்று பட்டப்பெயர் வாங்கியவன் வேறு நாட்டுக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. எப்போதும் வைத்தியராகவே ஆடியதால் டாக்டர் ஆனவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காரணம் சொல்லாமல் போனை எடுப்பதை நிறுத்தினான். டீச்சர் மட்டும் உண்மையிலேயே டீச்சர். அவளை அழைத்தான்.

"யாரு? அட, நீங்களா! போன் மாத்தினேன், எல்லா நம்பரும் போயிடுச்சு. எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன். ஒரு சீட்டுக்கு உங்க சம்மதம் வேணும்."

"என்ன சீட்டு? நான் அங்க வந்தே ரெண்டு வருஷம் ஆச்சே."

"பேருக்கு ஒரு சரி சொன்னாப் போதும்."

அவள் சிரித்தாள். "ஆடாத ஆட்டத்துக்கு நான் சரி சொன்னா நீங்களே என்னை விடமாட்டீங்க. யார்கூட ஆடினீங்களோ அவங்களைக் கேளுங்க." பின்னால் குழந்தைகள் எதற்காகவோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "இந்தா, ரெண்டும் மண்டையை உடைச்சுக்கப் போகுது. நாங்க வீடு மாறிட்டோம், ஒருநாள் வாங்க, கண்டிப்பா வாங்க."

புது வீடு எங்கே என்று அவள் சொல்லவில்லை. அவன் கேட்பதற்குள் போன் ஓய்ந்தது.

ஐந்து மணிக்கு முன்பே இருட்டிக்கொண்டு வந்தது. மேசைக்கு மேலே தொங்கும் விளக்கைப் போட்டான்.

யார்கூட ஆடினான்?

மூன்று வாரத்துக்கு முன்பு, இதே மேசை. மூன்று நாற்காலிகளுக்கு முன்னால் அவரவர் பகடையை வைத்து, எல்லாருக்காகவும் அவனே உருட்டினான். ஆட்டத்தில் வாய்விட்டுச் சொன்னால்தான் செய்ததாகக் கணக்கு. அதனால் வெற்று வீட்டில், கொஞ்சம் கூச்சத்தோடு, "உருவுறேன்," என்றான்.

அப்போது கேட்டது. நீளமான இரும்பை வேறொரு இரும்பின்மேல் அவசரமில்லாமல் இழுப்பது போன்ற சத்தம் சுவருக்குள்ளிருந்தோ மேசைக்கு அடியிலிருந்தோ வந்து, அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை போய், அங்கே நின்றது. பக்கத்து வீட்டில் ஏதோ கதவு என்று நினைத்தான். விளக்கின் மஞ்சளில் கொஞ்சம் சிவப்பு ஏறியது. கொல்லன் பட்டறையைக் கடந்து போகும்போது வரும் வாசனை. பிறகு வெளிச்சம் முடியும் இடத்தில், வாசல் கதவை ஒட்டி, யாரோ நின்றார்கள்.

கண்ணுக்குத் தெரியவில்லை. லிஃப்டில் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நிற்பது திரும்பாமலே தெரியும் அல்லவா, அப்படித் தெரிந்தது.

அவன் பயந்திருக்க வேண்டும். ஆனால் கதையின் அடுத்த பத்தியைச் சத்தமாகப் படித்தான். நன்றாகப் படித்தான். ஓரிடத்தில் வேடிக்கையாக எழுதியிருந்ததற்கு அவனே சிரித்தான். சிரிப்பு சுவரில் பட்டுத் திரும்பி வரவில்லை, யாரோ வாங்கிக்கொண்டார்கள். அன்று இரவு விளக்கை அணைத்த உடனே தூங்கிப்போனான். இரண்டு வருடத்தில் அப்படித் தூங்கியதில்லை.

ஒரு சீட்டுக்கு ஏழு சோதனை போதும். அவன் ஒன்பது முறை உருவினான்.

இப்போது விளக்கைப் பார்த்தான். முதல் நாள் அதன் வெளிச்சம் வாசல்வரை போயிற்று. புதன்கிழமை அலமாரியோடு நின்றது. பல்பு பழசு என்று மாற்றினான். இன்று மூன்று நாற்காலிகளின் முதுகோடு முடிந்தது. அதற்கு அப்பால் இருட்டு மெல்ல மெல்லத் தொடங்கவில்லை. கத்தியால் வெட்டியது போலத் தொடங்கியது. சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இங்கிருந்து பார்த்தாலே தெரிந்தது. ஆனால் அந்த வெளிச்சம் சமையலறை நிலைப்படியைத் தாண்டி இந்தப் பக்கம் வரவில்லை.

பன்னிரண்டில் ஒன்பது போனால் மூன்று.

காபி கோப்பையை எடுத்தான். நாலு மணிக்குப் போட்ட காபி. உதட்டைச் சுட்டது.

ஐந்தே முக்காலுக்கு மடிக்கணினியை அருகில் இழுத்து அந்த வரியை அடித்தான். *முடிவு: விடிந்ததும் அணையும்.* எல்லாரும் சம்மதித்தார்கள் என்று எடிட்டருக்கு இரண்டு வார்த்தை எழுதினால் தீர்ந்தது. எழுதினான். அனுப்பும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனான்.

எதிர் நாற்காலி முனகியது. உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்ந்தால் வரும் முனகல்.

அவன் நிமிரவில்லை. முகத்துக்கு எதிரே அனல் வந்தது. திரையின் மேல்விளிம்புக்கு மேலாக யாரோ எட்டிப் படித்தார்கள். பொறுமையாகப் படித்தார்கள். வலது பக்கத்து நாற்காலியும் முனகியது. பிறகு இடது பக்கம்.

அந்த வரியை எழுத்தெழுத்தாக அழித்தான். அனல் பின்வாங்கியது.

சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான். வாசலுக்கு எட்டுக் காலடிதான். கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம். வெளியே படிக்கட்டு, மழை, தெருவிளக்கு. அங்கிருந்து எடிட்டரைக் கூப்பிட்டு அந்தச் சீட்டையே எடுத்துவிடச் சொல்லலாம்.

நாற்காலியைத் தாண்டிக் காலை வைத்தான்.

கூட்டமான படிக்கட்டில் இறங்குவது போல இருந்தது. இரண்டு பக்கமும் சூடு. சட்டையின் தோள் எதன்மேலோ உரசியது. அது விலகி வழிவிட்டது. இன்னொன்று விலகியது. மரியாதையாக, வீட்டுக்காரருக்கு வழிவிடுவதைப் போல, ஒவ்வொன்றாக ஒதுங்கின. எதுவும் அவனைப் பிடிக்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

வாசலருகே நின்றது ஒதுங்கவில்லை.

முதலில் வந்தது அது. அங்கேயே நின்றது. தாழ்ப்பாளுக்காக நீட்டிய கை காய்ந்த இரும்பின் வெப்பத்தில் பட்டுத் திரும்பியது. மறுபடி நீட்டினான். அது அவனை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தது. தரை மரமல்ல, கல். ஆனாலும் அழுந்தியது.

திரும்பி வந்து அவன் நாற்காலியிலேயே உட்கார்ந்தான். விரல் நுனியில் கொப்புளம்.

ஆறு ஐந்து.

ஐயாயிரம் பெட்டி. பெட்டி வாங்கியவர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் அவன் வேலைதான். பாதிக் கடிதங்களில் ஒரே கேள்வி வரும்: இதைத் தனியாக ஆட முடியுமா? ஒருத்தி எழுதியிருந்தாள், இரவு வேலை, பகலில் எல்லாரும் வெளியே போய்விடுவார்கள், கூட ஆட ஆள் இல்லை என்று. புதுப் பெட்டி வரட்டும், உங்களுக்கென்றே ஒரு சீட்டு இருக்கிறது என்று பதில் போட்டிருந்தான். நல்ல பதில் என்று அன்று தோன்றியது. அவள் ஏழோடு நிறுத்த மாட்டாள். ஒன்பதோடும் நிறுத்த மாட்டாள். அவளுடைய அறை எத்தனை அடி இருக்கும்?

கேட்டுத்தான் ஆக வேண்டும். யார்கூட ஆடினானோ அவர்களை.

கேட்பதென்றால் ஆட்டம் நடக்க வேண்டும். சீட்டு இறங்கியிருக்க வேண்டும்.

சீட்டை மேசை நடுவில் வைத்தான். பகடைகளை அவரவர் நாற்காலிக்கு முன்னால் வைத்தான். ஒன்று கைதவறி உருண்டு இருட்டுக்குள் விழுந்தது. தரையில் விழுந்த சத்தம் வரவில்லை. சிறிது நேரம் கழித்து, யாரோ வைத்தது போல, அது மேசை விளிம்பில் இருந்தது.

ஆறு பதினெட்டு. போன் ஒலித்தது. ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தான்.

"அண்ணா, என்ன ஆச்சு? அச்சகத்துக்காரன் மூணு தரம் கூப்பிட்டுட்டான்."

"கேக்கப் போறேன். அப்படியே லைன்ல இரு."

"போன்லயா? அவங்க நம்பரும் சேத்துக்கட்டுமா?"

"வேண்டாம். இங்கதான் இருக்காங்க."

"அட! மழையில எல்லாரும் கிளம்பி வந்துட்டாங்களா? நல்லது. நான் வாயைத் திறக்கல, நீங்க நடத்துங்க."

அவன் உதட்டை நனைத்துக்கொண்டான். நாக்கில் இரும்புச் சுவை.

"உருவுறேன்."

இரும்புச் சத்தம் இம்முறை சுவருக்குள்ளிருந்து வரவில்லை. அவன் விலாவுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. நீளமாக. விளக்கு சிவந்தது. வெளிச்சம் நாற்காலிகளை விட்டுவிட்டு மேசைக்கு ஏறியது. மேசை விளிம்போடு நின்றது. நாற்காலிகள் இல்லை. சுவர் இல்லை. அவன் முழங்கைகள் இல்லை.

பின்னால், கழுத்தருகே, பத்தாவது வந்து நின்றது.

"சீட்டு நூத்தி முப்பத்தேழு," என்றான். வழக்கமாகப் படிக்கும் குரல் எப்படியோ வந்தது. "திருத்தம். முடிவு வரி. விடிந்ததும் அணையும். துணைகள் போய்விடும்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது குரல் இறங்கியது. அதை அவர்களும் கேட்டிருப்பார்கள்.

"வேண்டாங்கறவங்க கையை வைங்க."

மழைச் சத்தம். போனில் எடிட்டரின் மூச்சு.

ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும். அவன் மூச்சு விடப் போனான்.

எதிர் விளிம்பில் ஒரு கை வந்தது.

மணிக்கட்டுவரைதான் வெளிச்சத்தில் இருந்தது. நகம் இல்லை. ரேகை இல்லை. கருகவில்லை, உலையிலிருந்து எடுத்த இரும்பு ஆறும்போது வரும் நிறம். உள்ளங்கை கவிழ்ந்து மேசையில் படிந்தது. வார்னிஷ் பொரிந்தது.

அதன் பக்கத்தில் இன்னொன்று. மெதுவாக. சத்தமில்லாமல்.

வலப்பக்கம் இரண்டு. இடப்பக்கம் இரண்டு.

"அண்ணா, நாற்காலியெல்லாம் இழுக்கற சத்தம் கேக்குது. முடிஞ்சுதா?"

ஏழு. எட்டு. புகை. கண் எரிந்தது. எட்டும் அவனைப் பார்த்திருந்தன. கைகளுக்குக் கண் இல்லை, ஆனாலும். ஒன்பது. அது வாசலருகே நின்றதன் கை. அதற்கு மட்டும் விரல்கள் நீளம்.

தோளுக்கு மேலாக நீண்டு வந்து பத்தாவது விழுந்தது.

பத்து பேர், பத்துக் கை. எண்ணி முடித்துவிட்டான்.

மறுபடி எண்ணினான்.

பதினொன்று.

அது அவன் பக்கத்து விளிம்பில் இருந்தது. சிறியது. வெளுத்தது. நகங்கள் இருந்தன. நடுவிரலில் பேனா மை, ஆள்காட்டி விரல் நுனியில் புதிய கொப்புளம். உள்ளங்கை நன்றாகக் கவிழ்ந்து, விரல்கள் விரிந்து, மற்றவற்றைப் போலவே அழுத்தமாகப் படிந்திருந்தது. எப்போது வைத்தான் என்று தெரியவில்லை. எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே பார்த்திருந்தான். அதன் கீழும் வார்னிஷ் பொரியத் தொடங்கியது. வலிக்கவில்லை.

"அண்ணா? ஆறு இருபத்தெட்டு. முடிவுன்னு என்ன போடட்டும்?"